கேஸா, ஹார்ட்டா? பெண்களின் இதயம் பற்றி ஒரு டாக்டரோடு

(ஆடியோவில் பேசியதைக் கொஞ்சம் சுருக்கி, திரும்பத் திரும்ப வந்த வாக்கியங்களை எடுத்துவிட்டு இங்கே தருகிறோம். பேச்சு நடையை மாற்றவில்லை.)

 

ஒரு சின்னக் கேள்வி. ஹார்ட் அட்டாக்னு சொன்னதும் உங்க மனசுல என்ன படம் ஓடுது? எனக்கு ஓடுற படம் இதுதான். ஐம்பது தாண்டின ஒரு அப்பா. வெள்ளை வேட்டி, சட்டை. போன்ல ஏதோ கெட்ட செய்தி வருது. இடது பக்க நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு அப்படியே சோபாவுல சாயறாரு. அடுப்படியில இருந்து அம்மா "என்னங்க!"ன்னு அலறிக்கிட்டு ஓடி வர்றாங்க. நம்ம சினிமாவும் சீரியலும் இத்தனை வருஷமா காட்டினது இதைத்தான். அந்தக் காட்சியில அம்மாவுக்கு இருக்கிற ஒரே வேலை, அழறது.

ஆனா உலகம் முழுக்க பெண்களோட மரணத்துக்கு முதல் காரணம் இதய நோயும் ரத்தக்குழாய் நோயும்தான். ஏறத்தாழ மூணு பெண்கள் இறந்தா அதுல ஒருத்தர் இதனால இறக்குறாங்க. மார்பகப் புற்றுநோயைப் பத்தி நமக்கு இருக்கிற பயத்துல பாதி கூட இதைப் பத்தி இல்ல.

இதைப் பேசத்தான் இன்னைக்கு ஒரு இதய நோய் டாக்டர் வந்திருக்காங்க. இருபது வருஷத்துக்கு மேல அரசு மருத்துவமனையில வேலை பாக்குறவங்க. பேரும் ஊரும் வேண்டாம்னு கேட்டுக்கிட்டாங்க. அதனால இந்தப் பேச்சு முழுக்க அவங்க நமக்கு "டாக்டர்" மட்டும்தான்.

"வலி இல்ல டாக்டர், ஒரு மாதிரி இருக்கு"

நான்: டாக்டர், முதல்ல அந்த சினிமாப் படத்துல இருந்தே ஆரம்பிப்போம். அது தப்பா?

டாக்டர்: பாதி சரிம்மா. இன்டர்நெட்ல இப்ப நிறைய பேர் "பொம்பளைங்களுக்கு நெஞ்சு வலியே வராது, வேற மாதிரிதான் வரும்"னு எழுதுறாங்க. அது தப்பு. பெண்களுக்கும் அதிகமா வர்ற அறிகுறி நெஞ்சுலதான். ஆனா அதோட கூடவே வேற விஷயங்களும் வரும். மூச்சு வாங்கும். குமட்டும். குப்புன்னு வேர்க்கும். தாடை, கழுத்து, ரெண்டு தோள், முதுகுல தோள்பட்டைக்கு நடுவுல, மேல் வயிறு, இங்கெல்லாம் பிடிச்ச மாதிரி இருக்கும். காரணமே இல்லாம உடம்பு அசந்து போகும். இதெல்லாம் ஆண்களுக்கும் வரும். பெண்களுக்குக் கூடுதலா வரும்.

இன்னொரு விஷயம், வார்த்தை. நான் "நெஞ்சு வலிக்குதா?"ன்னு கேட்டா பல அம்மாக்கள் "இல்ல டாக்டர்"னுதான் சொல்வாங்க. பொய் இல்ல. அவங்களைப் பொறுத்தவரை அது வலி இல்ல. அதனால நான் கேள்வியை மாத்திட்டேன். "நெஞ்சுல என்ன பண்ணுது?"ன்னு கேப்பேன். உடனே வரும் பதில்: "அடைக்குது." "பாரமா இருக்கு." "யாரோ ஏறி உக்காந்த மாதிரி இருக்கு." "எரியுது." "என்னமோ ஒரு மாதிரி இருக்கு." இது எல்லாமே என் கணக்குல நெஞ்சு வலிதான்.

நான்: எங்க வீட்டுல இதுக்கு ஒரே பேர்தான், கேஸ். ஓமத்தண்ணி, சோடா, பெருங்காயம் போட்ட மோர். மூணும் கேக்கலைன்னாதான் டாக்டர்.

டாக்டர்: (சிரிப்பு) நிறைய தடவை அது நிஜமாவே கேஸ்தான். ஆனா ஒரு கேள்வி கேட்டுப் பாருங்க. மாடிப்படி ஏறினா, தண்ணிக் குடம் தூக்கினா, வேகமா நடந்தா வருதா? நின்னா, உக்காந்தா போயிடுதா? அப்படின்னா அதைக் கேஸ்னு நீங்களா முடிவு பண்ணாதீங்க. நீங்க படி ஏறுறது வயித்துக்குத் தெரியாது, ஹார்ட்டுக்குத்தான் தெரியும். இது ரெண்டு மூணு வாரமா வந்து வந்து போகுதுன்னா அந்த வாரமே ஒரு டாக்டரைப் பாக்கணும். உக்காந்திருக்கும்போதே வந்து, பத்து நிமிஷத்துக்கு மேல விடலைன்னா அது அவசரம். சுகர் இருக்கிறவங்க இன்னும் கவனமா இருக்கணும். அவங்களுக்கு நரம்பு பாதிச்சிருந்தா வலி தெரியாமலே அட்டாக் வந்துட்டுப் போயிடும்.

மூணு இடத்துல தாமதம்

நான்: ஏன் பெண்கள் லேட்டா வர்றாங்க?

டாக்டர்: ஒரு அம்மாவைப் பத்திச் சொல்றேன். ஐம்பத்திரண்டு வயசு, பூ கட்டி விக்கிறவங்க. முதுகு பிடிப்புன்னு ரெண்டு நாள் தைலம் தேச்சிருக்காங்க. மூணாவது நாள் மூச்சு விட முடியலைன்னு பையன் தூக்கிட்டு வந்தான். ஈசிஜி பாத்தா பெரிய அட்டாக். வந்து ரெண்டு நாள் ஆச்சு. அந்தப் பக்கத் தசை செத்துப் போச்சு, இனிமே திரும்பாது. "ஏம்மா முதல் நாளே வரல?"ன்னு கேட்டேன். "முகூர்த்த நாள் டாக்டர், விட முடியுமா? சாயங்காலம் பேத்தியை யாரு பாத்துக்குவா?"ன்னாங்க. இதே வலி அவங்க வீட்டுக்காரருக்கு வந்திருந்தா அரை மணி நேரத்துல ஆட்டோ பிடிச்சிருப்பாங்க.

இது முதல் தாமதம், அவங்களே பண்ணிக்கிறது. ரெண்டாவது, வீட்டுல. "அவ எப்பவுமே இப்படித்தான் ஏதாவது சொல்லிக்கிட்டே இருப்பா." மூணாவது, எங்ககிட்ட. டாக்டருங்ககிட்ட.

நான்: அதைக் கொஞ்சம் விளக்கமா சொல்லுங்க.

டாக்டர்: மூச்சு வாங்குதுன்னு ஒரு பொண்ணு வந்தா முதல்ல கண்ணை இழுத்துப் பாத்து "ரத்தம் கம்மி"ன்னு சொல்லிடுவோம். அதுல நியாயமும் இருக்கு. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வுப்படி, இந்தியாவுல 15 முதல் 49 வயசுப் பெண்கள்ல 57 சதவீதம் பேருக்கு ரத்த சோகை. ஆனா ரத்தமும் கம்மியா இருந்து ஹார்ட்லயும் பிரச்சினை இருக்கலாம் இல்லையா? படபடப்புன்னு வந்தா "டென்ஷன் ஆகாதீங்க"ன்னு அனுப்பிடுறது. அம்பது வயசுன்னா "மெனோபாஸ், அப்படித்தான் இருக்கும்."

இது நம்ம ஊர்ப் பிரச்சினை மட்டும் இல்ல. 1991-ல பெர்னடின் ஹீலின்னு ஒரு அமெரிக்க இதய டாக்டர், அங்க தேசிய சுகாதார நிறுவனங்களோட தலைவரா வந்த முதல் பெண், ஒரு மருத்துவ இதழ்ல தலையங்கம் எழுதினாங்க. அதுக்கு "யென்டில் சிண்ட்ரோம்"னு பேர் வச்சாங்க. யென்டில்ங்கிறது ஐசக் பஷேவிஸ் சிங்கர் கதையில வர்ற யூதப் பொண்ணு. வேத நூல் படிக்கிறதுக்காக ஆம்பளை வேஷம் போட்டுக்குவா. ஹீலி சொன்னது என்னன்னா, ஒரு பொண்ணு தனக்கும் ஆம்பளைக்கு மாதிரியே இதய நோய் இருக்குன்னு நிரூபிச்சாதான் அவளுக்கு அதே வைத்தியம் கிடைக்குது.

நான்: ஆராய்ச்சியிலயே பெண்கள் இல்லையா?

டாக்டர்: பல ஆராய்ச்சியில இல்ல. ஆஸ்பிரினை எடுத்துக்கோங்க. எண்பதுகள்ல அமெரிக்காவுல ஒரு பெரிய ஆய்வு. 22,071 டாக்டர்கள், அத்தனை பேரும் ஆண்கள். ஆஸ்பிரின் சாப்பிட்டவங்களுக்கு முதல் ஹார்ட் அட்டாக் 44 சதவீதம் குறைஞ்சுதுன்னு 1989-ல முடிவு வந்துச்சு. அப்புறம் அதே கேள்வியை ஏறத்தாழ 40,000 பெண்கள்கிட்ட பத்து வருஷம் ஆராய்ஞ்சு 2005-ல முடிவு சொன்னாங்க. மொத்தமா பாத்தா பெண்களுக்கு முதல் ஹார்ட் அட்டாக் குறையல. பக்கவாதம் கொஞ்சம் குறைஞ்சுது. ஒரே மாத்திரை, பதில் வேற. கேட்டிருக்கலைன்னா தெரிஞ்சே இருக்காது.

இதைக் கேட்டுட்டு யாரும் ஆஸ்பிரினை நிறுத்திடாதீங்க. ஏற்கெனவே அட்டாக் வந்தவங்க, ஸ்டென்ட் வச்சவங்க எல்லாம் ஆணோ பெண்ணோ கண்டிப்பா சாப்பிடணும். நான் சொன்னது நோயே இல்லாதவங்களைப் பத்தி.

ஆஞ்சியோ நார்மல், ஆனா வலி நிஜம்

நான்: பெண்களோட இதயமே வேற மாதிரியா?

டாக்டர்: அமைப்பு ஒண்ணுதான். அளவு கொஞ்சம் சின்னது, ரத்தக்குழாயும் மெலிசு. பெரிய குழாய்ல கொழுப்பு அடைக்கிறதுதான் ரெண்டு பேருக்கும் முக்கியமான காரணம். ஆனா பெண்கள்கிட்ட வேற சிலதையும் அதிகமா பாக்குறோம். பெரிய குழாய் சுத்தமா இருக்கும், அதுல இருந்து பிரியுற நுண்குழாய்கள் சரியா விரியாது. ஆஞ்சியோல அந்த நுண்குழாய் தெரியாது. "ஆஞ்சியோ நார்மல், வீட்டுக்குப் போங்க"ன்னு சொல்லிடுவாங்க. வலி மட்டும் தொடர்ந்து வரும். அப்படி இருந்தா "அப்ப இந்த வலிக்கு என்ன காரணம் டாக்டர்?"னு கேக்குற உரிமை உங்களுக்கு இருக்கு. அதுக்கும் மருந்து இருக்கு.

இன்னொண்ணு, குழாயோட உள்சுவர் தானாவே கிழியுறது. கொலஸ்ட்ரால், சுகர் எதுவும் இல்லாத இளம் பெண்களுக்கு வரும். பிரசவத்துக்கு அப்புறம் சில வாரங்கள்லயும் வரும். பெரும்பாலும் பெண்களுக்குத்தான். முப்பத்தி மூணு வயசுப் பொண்ணுக்கு ஹார்ட் அட்டாக்கான்னு யாரும் யோசிக்க மாட்டாங்க. அதுதான் ஆபத்து.

அப்புறம் டாகோட்சுபோ. 1990-ல ஜப்பான்ல முதல்ல எழுதினாங்க. அங்க ஆக்டோபஸ் பிடிக்கிற பானைக்கு அந்தப் பேர். பெரிய துக்கம், அதிர்ச்சி வந்தா இதயத்தோட கீழ்ப்பகுதி அந்தப் பானை மாதிரி உப்பிப் போய், அப்படியே அட்டாக் மாதிரியே வரும். மெனோபாஸ் தாண்டின பெண்கள்தான் இதுல அதிகம். முக்கால்வாசிப் பேருக்குச் சில வாரத்துல சரியாயிடும். ஆனா அது அட்டாக்கா இதுவான்னு வீட்டுல உக்காந்து கண்டுபிடிக்க முடியாது. ஆஸ்பத்திரிக்கு வந்தே ஆகணும்.

டெலிவரியோட முடியாத விஷயம்

நான்: நம்மகிட்ட கேக்குறவங்க முக்கால்வாசி இருபது, முப்பது வயசு. அவங்களுக்கு இதுல என்ன?

டாக்டர்: முக்கியமான கேள்வி. கர்ப்பம்ங்கிறது உடம்புக்கு இயற்கை வைக்கிற டிரெட்மில் டெஸ்ட். ரத்தத்தோட அளவே 40, 50 சதவீதம் கூடும். இதயம் அவ்வளவையும் தள்ளணும். அந்த டெஸ்ட்ல வர்ற ரிசல்ட்டை நாம பிரசவம் ஆனதும் தூக்கிப் போட்டுடுறோம். உங்களுக்குக் குழந்தை இருக்கா?

நான்: இருக்கா டாக்டர், மூணு வயசு. எனக்கு எட்டாவது மாசத்துல பிரஷர் 150-க்கு மேல போச்சு. முகம், கால் எல்லாம் வீக்கம். யூரின்ல புரோட்டீன். முப்பத்தஞ்சாவது வாரத்துல சிசேரியன். டிஸ்சார்ஜ் ஆகும்போது தையலைப் பத்திச் சொன்னாங்க, பால் குடுக்குறதைப் பத்திச் சொன்னாங்க, தடுப்பூசி தேதி எல்லாம் எழுதிக் குடுத்தாங்க. பிரஷரைப் பத்திக் கேட்டதுக்கு "அது டெலிவரியோட போயிடும்"னாங்க. ஆறாவது வாரம் பாத்தப்போ நார்மல். அப்படியே போயிடுச்சுன்னுதான் எல்லாரும் சொன்னாங்க.

டாக்டர்: போயிடுச்சு, சரிதான். ஆனா திரும்பி வரும்னு சொல்லாம விட்டுட்டாங்க. கர்ப்பத்துல இப்படிப் பிரஷர் வந்து புரோட்டீன் போனவங்களுக்குப் பின்னாடி இதய நோய் வர்ற வாய்ப்பு மத்தவங்களை விட ஏறத்தாழ ரெண்டு மடங்கு. நிரந்தரமா பிபி வர்ற வாய்ப்பு அதை விட அதிகம்.

நான்: ரெண்டு மடங்கா?

டாக்டர்: முகம் மாறிடுச்சு பாருங்க. பயப்படாதீங்க, கணக்கைச் சரியா புரிஞ்சுக்கோங்க. உங்க வயசுல ஆபத்தே ரொம்பக் கம்மி. கம்மியானதோட ரெண்டு மடங்கும் கம்மிதான். ஆனா நாப்பத்தஞ்சு, அம்பதுல அந்தக் கணக்கு பெருசாகும். இப்பவே தெரிஞ்சுக்கிட்டீங்க, கையில இருபது வருஷம் இருக்கு. இதை நான் கெட்ட செய்தியா சொல்லல. வருஷத்துக்கு ஒரு தடவை பிபி, சுகர், ரெண்டு மூணு வருஷத்துக்கு ஒரு தடவை கொலஸ்ட்ரால். அவ்வளவுதான் வேலை.

கர்ப்பத்துல சுகர் வந்தவங்களுக்கும் இதேதான். குழந்தை பிறந்ததும் சுகர் போயிடும். பின்னாடி நிரந்தரமா வர்ற வாய்ப்பு ரொம்ப அதிகம். குறைமாசப் பிரசவம், மறுபடி மறுபடி கருக்கலைஞ்சது, இதெல்லாமும் கணக்குல வரும். அதனால அந்தத் தாய் சேய் அட்டை, டிஸ்சார்ஜ் சம்மரி எதையும் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுடாதீங்க. போன்லயாவது போட்டோ எடுத்து வைங்க. நாளைக்கு எந்த டாக்டர்கிட்ட எதுக்குப் போனாலும் "எனக்குக் கர்ப்பத்துல பிரஷர் வந்துச்சு"ன்னு முதல் வரியில சொல்லுங்க. ஏன்னா எங்கள்ல பாதிப் பேர் கேக்க மாட்டோம்.

நான்: புதுசா குழந்தை பெத்தவங்க கவனிக்க வேண்டியது வேற ஏதாவது?

டாக்டர்: ஒண்ணு இருக்கு. கடைசி மாசத்துல இருந்து பிரசவம் ஆகி அஞ்சு மாசம் வரைக்கும் இதயத் தசை பலவீனமாகுற ஒரு நோய் சிலருக்கு வரும். படுத்தா மூச்சு முட்டும், எழுந்து உக்காந்தாதான் நிம்மதி. கால் வீக்கம் குறையாம கூடும். நடுராத்திரி இருமல். "பிள்ளை பெத்த உடம்பு, தூக்கம் இல்ல, அசதி"ன்னு வீட்டுல சொல்வாங்க. அசதின்னா படுத்தா நல்லா இருக்கணும். படுத்தா மோசமாகுதுன்னா அது அசதி இல்ல. ஒரு எக்கோ எடுத்தா தெரிஞ்சிடும்.

அப்புறம் நம்ம நாட்டுல இன்னும் இருக்கிறது ருமாட்டிக் இதய நோய். சின்ன வயசுல தொண்டைப் புண், மூட்டு வீக்கம், காய்ச்சல். அது வால்வைச் சுருக்கி வச்சிருக்கும். பல வருஷம் ஒண்ணும் தெரியாது. கர்ப்பமாகி ரத்தம் கூடினதும்தான் மூச்சு வாங்கும். சின்ன வயசுல மாசாமாசம் பென்சிலின் ஊசி போட்டுக்கிட்டவங்க யாராவது இருந்தா, கல்யாணத்துக்கு அப்புறம் அதை மறைக்காதீங்க. குழந்தை பெத்துக்க முடிவு பண்றதுக்கு முன்னாடி இதய டாக்டரைப் பாருங்க.

நான்: மறைக்கிறாங்களா?

டாக்டர்: நிறைய. "மாப்பிள்ளை வீட்டுல தெரியக் கூடாது"ன்னு ஊசியையே நிறுத்திடுறாங்க. ஏழாவது மாசம் நுரையீரல்ல நீர் கோத்து ஐசியுல வந்து படுத்த பொண்ணுங்களைப் பாத்திருக்கேன்.

எதைப் பாக்கணும், எப்போ பாக்கணும்

நான்: பிசிஓஎஸ், கருத்தடை மாத்திரை, மெனோபாஸ்... கமெண்ட்ல இது மூணும்தான் எப்பவும் வருது.

டாக்டர்: பிசிஓஎஸ் இருந்தா சுகர், எடை, கொலஸ்ட்ரால் மூணும் சீக்கிரம் ஏறும். அதை மாதவிடாய்ப் பிரச்சினையா மட்டும் பாக்காதீங்க. கருத்தடை மாத்திரை பெரும்பாலான இளம் பெண்களுக்குப் பாதுகாப்பானதுதான். ஆனா 35 வயசுக்கு மேல சிகரெட்டும் பிடிச்சு, ஈஸ்ட்ரோஜன் இருக்கிற மாத்திரையும் சாப்பிட்டா ரத்தம் உறையுற ஆபத்து கூடும். பிபி இருக்கிறவங்களும் கேட்டுட்டுத்தான் சாப்பிடணும். மருந்துக்கடையில நேரா வாங்காம ஒரு தடவை பிபி பாத்துட்டு ஆரம்பிங்க.

மெனோபாஸ் நாப்பதுக்கு முன்னாடியே வந்தவங்க, இல்ல கர்ப்பப்பையோட சேத்து சினைப்பையையும் சீக்கிரமே எடுத்தவங்க, இவங்களுக்கு இதய ஆபத்து முன்னாடியே ஆரம்பிக்கும். உங்க அம்மா, சித்தி, அத்தைல யாருக்காவது ஆபரேஷன் ஆயிருந்தா "கர்ப்பப்பை மட்டும் எடுத்தாங்களா, சினைப்பையும் எடுத்தாங்களா?"ன்னு கேட்டுத் தெரிஞ்சுக்கோங்க. லூபஸ், முடக்குவாதம் மாதிரி நோய் இருந்தாலும் ஆபத்து கூடும். இதுவும் பெண்களுக்குத்தான் அதிகம்.

நான்: இதெல்லாம் கேட்டா தலையெழுத்து மாதிரி இருக்கு டாக்டர்.

டாக்டர்: இல்லவே இல்ல. கேரளாவுல பிறந்து கனடாவுல வேலை பாக்குற சலீம் யூசுஃப் தலைமையில 52 நாடுகள்ல ஒரு ஆய்வு பண்ணாங்க, 2004-ல வெளியாச்சு. முதல் ஹார்ட் அட்டாக்குக்கான ஆபத்துல 90 சதவீதத்துக்கு மேல ஒன்பது விஷயங்கள்ல அடங்கிடுது. சிகரெட், கொழுப்பு, பிபி, சுகர், தொப்பை, மன அழுத்தம், காய்கறி பழம் சாப்பிடாதது, உடற்பயிற்சி இல்லாதது, மது. இதுல சுகரும் பிபியும் ஆண்களை விடப் பெண்களை அதிகமா அடிக்குது. நம்ம தெற்காசியாக்காரங்களுக்கு மத்தவங்களை விடச் சில வருஷம் முன்னாடியே அட்டாக் வருதுன்னும் அதே ஆய்வு சொல்லுச்சு. ஒன்பதுல முக்கால்வாசி நம்ம கையில இருக்கு.

எண்களைச் சொல்றேன், குறிச்சுக்கோங்க. பிபி 120/80-க்குப் பக்கத்துல இருக்கணும். 140/90 தொடர்ந்து இருந்தா வைத்தியம் வேணும். நடுவுல இருந்தா விட்டுடாம கவனிக்கணும். இடுப்புச் சுற்றளவு இந்தியப் பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்குள்ள. வாரத்துக்கு 150 நிமிஷம் வேர்க்குற அளவு நடை. வீட்டு வேலையைக் கணக்குல சேக்காதீங்க. நாள் முழுக்க நின்னுக்கிட்டே இருக்கிறதும் மூச்சு வாங்க நடக்குறதும் ஒண்ணு இல்ல.

நான்: "எனக்கு நேரம் இல்ல"ன்னு சொல்ற அம்மாவுக்கு?

டாக்டர்: தமிழ்நாட்டுல 2021-ல இருந்து மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல வீட்டுக்கே வந்து பிபி, சுகர் பாத்து மாத்திரை குடுக்குறாங்க. அதுலயும் ஒரு விஷயம் கவனிச்சிருக்கேன். வீட்டுக்காரரோட மாத்திரையை அம்மா கணக்கா எடுத்து வைப்பாங்க. அவங்க மாத்திரை டப்பாவுல மாசக் கடைசியில பதினஞ்சு மிச்சம் இருக்கும். நீங்க வேற ஒண்ணும் பண்ண வேண்டாம், அந்த டப்பாவை எண்ணிப் பாருங்க.

அந்த ராத்திரி வந்தா

நான்: கடைசியா, நடுராத்திரி அம்மா "நெஞ்சு ஒரு மாதிரி இருக்கு"ன்னு எழுப்பினா?

டாக்டர்: முதல்ல 108. டூவீலர்ல நடுவுல உக்கார வச்சுக் கூட்டிட்டுப் போகாதீங்க. வழியில மயங்கிட்டா ஒண்ணும் பண்ண முடியாது. நடக்க விடாதீங்க, படி இறங்க விடாதீங்க. ஆஸ்பிரின் அலர்ஜி, வயித்துப் புண், ரத்தக்கசிவு எதுவும் இல்லைன்னா, 108-ல பேசுறவங்ககிட்ட கேட்டுட்டு, 300 மில்லிகிராம் ஆஸ்பிரினை மென்னு முழுங்கச் சொல்லலாம். கிராமத்துல இருந்தா, 2023-ல ஆரம்பிச்ச இதயம் காப்போம் திட்டத்துல ஆரம்ப சுகாதார நிலையத்துலயே அந்த முதல் டோஸ் மாத்திரைகளை வச்சிருக்காங்க.

ஆஸ்பத்திரியில போய் "வயிறு சரியில்ல, முதுகு வலி"ன்னு ஆரம்பிக்காதீங்க. "ஹார்ட்டா இருக்குமோன்னு பயமா இருக்கு, ஈசிஜி எடுங்க"ன்னு சொல்லுங்க. போய்ச் சேந்த பத்து நிமிஷத்துல ஈசிஜி எடுக்கணும்ங்கிறது விதி. முதல் ஈசிஜி நார்மலா இருந்தாலும் அட்டாக் இல்லைன்னு முடிவு பண்ண முடியாது. திரும்ப எடுக்கணும், ரத்தத்துல ட்ரோபோனின் பாக்கணும். ஜாக்கெட்டைக் கழட்டணுமேன்னு கூச்சப்பட்டு ஈசிஜி வேண்டாம்னு சொன்ன அம்மாக்களைப் பாத்திருக்கேன். பெண் ஊழியர் வேணும்னு கேளுங்க, திரை போடச் சொல்லுங்க. ஆனா எடுக்காம வராதீங்க.

நான்: சிபிஆர் விஷயத்துலயும் இந்தக் கூச்சம் இருக்குல்ல?

டாக்டர்: அமெரிக்காவுலயே பொது இடத்துல விழுந்த பெண்களுக்குச் சிபிஆர் பண்ண ஆட்கள் தயங்குறாங்கன்னு ஆய்வு இருக்கு. நம்ம ஊர்ல கேக்கவே வேண்டாம். ஒருத்தர் விழுந்துட்டாங்க, பேச்சு இல்ல, மூச்சு இல்லைன்னா, நெஞ்சுக்கு நடுவுல கையை வச்சு நிமிஷத்துக்கு 100-ல இருந்து 120 தடவை, அஞ்சு சென்டிமீட்டர் ஆழம் அழுத்துங்க. சேலை, துப்பட்டா, அடுத்தவங்க என்ன நினைப்பாங்க, இதெல்லாம் உயிர் இருந்தா அப்புறம் பாத்துக்கலாம்.

டாக்டரோட பேச்சு இத்தோட முடிஞ்சுது. ரெக்கார்டிங்கை நிறுத்தினதும் அவங்க பையில இருந்து பிபி மிஷினை எடுத்து என் கையில மாட்டிட்டாங்க. 136/86. அஞ்சு நிமிஷம் பேசாம உக்காரச் சொல்லி மறுபடி பாத்தாங்க. 132/84. "மாத்திரை வேண்டாம். ஒரு வாரம் காலையும் ராத்திரியும் வீட்டுல பாத்து எழுதிக்கிட்டு வாங்க"ன்னாங்க. எழுதிக்கிட்டு இருக்கேன். இந்த எபிசோடை எடிட் பண்ற இன்னைக்கு நாலாவது நாள்.

உங்ககிட்ட ஒரே ஒரு வேலைதான் கேக்குறேன். இந்த ஞாயித்துக்கிழமை வீட்டுல எல்லாரும் இருக்கும்போது அம்மாகிட்ட மூணு கேள்வி கேளுங்க. நான் வயித்துல இருக்கும்போது உங்களுக்குப் பிரஷரோ சுகரோ வந்துச்சா? படி ஏறும்போது நெஞ்சுல ஏதாவது பண்ணுதா? கடைசியா எப்போ உங்களுக்குன்னு டாக்டர்கிட்ட போனீங்க? மூணாவது கேள்விக்குத்தான் அவங்க சிரிச்சுக்கிட்டே எழுந்து அடுப்படிக்குப் போவாங்க. பின்னாடியே போங்க.

இது பொதுவான தகவல்தான். உங்களுக்கான முடிவை உங்க டாக்டர்கிட்ட கேட்டு எடுங்க. அடுத்த வாரம் பாக்கலாம். உடம்பைப் பாத்துக்கோங்க.